ஊருக்குள் போன அம்புக்குறி

ஆடிக்காற்று கதவுகளை அறைந்து அறைந்து ஊரை நிலைகொள்ளாமல் ஆட்டிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு புதன்கிழமை முற்பகல், காத்தாங்குளத்துக்கு வெளியே காற்றாலைகளுக்கு நடுவில் இருந்த கலைக் கல்லூரியின் மாடி லேபிலிருந்து, சுடலைவடிவின் கம்ப்யூட்டர் அம்புக்குறி திரையின் விளிம்பைத் தாண்டி, சுவரில் ஏறி, டியூப் லைட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு, ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் புகுந்து வெளியே போய்விட்டது.

யாரும் கூச்சல் போடவில்லை. முதல் வருட பி.சி.ஏ. மாணவர்கள் அத்தனை பேரும் தலையைத் திருப்பி அது போன வழியைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் அம்பு அவரவர் திரையில் இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்கள். லேபில் சொல்லிக்கொடுக்கும் ஜெபசிங், நாசரேத் பக்கத்திலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞன், ஜன்னல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"மவுஸைப் பைய நவத்தணும்னு சொன்னேன்லாக்கா?"

"நான் பையதான் தம்பி நவத்துனேன். அதுவா போச்சு."

"சரி, போனது வரும். அதுவரைக்கும் பக்கத்துல உள்ளவங்க செய்யறதைப் பாருங்க."

ஆனால் அது வரவில்லை. மறுநாள் அவளை வேறு கம்ப்யூட்டரில் உட்கார வைத்தார்கள். அவள் உட்கார்ந்ததும் அதிலும் அம்பு இல்லை. எழுந்தால் வந்தது, உட்கார்ந்தால் போனது. ரிப்பேர் செய்கிறவர் திருநெல்வேலியிலிருந்து பையோடு வந்து, நான்கு திருகாணிகளைக் கழற்றி மாட்டிவிட்டு, "மெஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல, இது ஊர் சமாச்சாரம்" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

சுடலைவடிவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஆறுமுகநயினாருக்குக் கட்டிக்கொடுத்து, பைபாஸ் ரோட்டில் அவருடைய டயர் கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டில் குடியேறியவள். ஒரு இடத்தில் அவளால் உட்கார முடியாது. உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள், வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே கொல்லைக்குப் போவாள், கொல்லையில் துணியை உதறிக்கொண்டே மெயின் ரோட்டில் போகிற லாரிகளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர்களை வாய்க்குள் படிப்பாள். லாரி போன பிறகும் அந்தப் பெயர் கொஞ்ச நேரம் நாக்கில் கிடக்கும். அந்த அரிப்பு என்னவென்று அவளுக்கே தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை.

அவளுடைய ஒரே மகள் சோபிகாவுக்கு அந்த அரிப்பு என்னவென்று தெளிவாகத் தெரியும். அவளுக்குக் கப்பலில் போக வேண்டும். கடலே இல்லாத காத்தாங்குளத்தில், செம்மணல் மேடுகளான தேரியும் காற்றாலையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊரில், அந்தப் பெண்ணுக்குக் கப்பலில் அதிகாரியாக வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று யாருக்கும் தெரியாது. பரீட்சை எழுதினாள், சென்னையில் கப்பல் படிப்புக்கு இடமும் கிடைத்தது. ஆறுமுகநயினார் ஒரே வார்த்தையில் முடியாது என்றார். சுடலைவடிவு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இங்கனயே காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கட்டும்" என்று அவர் சொன்னார். ஆனால் அந்தக் காலேஜுக்கும் ஆள் நடமாட்டமில்லாத காற்றாலைக் காட்டு வழியாகத்தான் பஸ் போகும், பிள்ளையைத் தனியாக எப்படி அனுப்புவது என்று அவர் யோசித்தபோது, அதுவரை வாய் திறக்காத சுடலைவடிவு திறந்தாள். "நானும் சேந்துக்கிடுதேன். துணைக்குத் துணையாவும் ஆச்சு, படிச்ச மாதிரியும் ஆச்சு." அந்த வருடம் கல்லூரியில் பாதி இடம் காலியாகக் கிடந்ததால் வயதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இப்படியாகத் தாயும் மகளும் ஒரே வகுப்பில், கம்ப்யூட்டர் பயன்பாடு அறிமுகம் என்ற பாடத்தை ஒரே நாளில் படிக்கத் தொடங்கினார்கள்.

சோபிகா முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள், தாய் கடைசி பெஞ்சில். பஸ்ஸில் ஒன்றாக வருவார்கள், கல்லூரி வாசலில் பிரிந்துவிடுவார்கள். "அது யாருட்டி, உன் கூட வாரது?" என்று ஒரு பெண் கேட்டதற்கு, சோபிகா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பக்கத்து வீட்டு அக்கா" என்றாள். அது சுடலைவடிவின் காதில் விழுந்தது. அவள் அதை மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் மகளுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, "பக்கத்து வீட்டு அக்கா நல்லாப் படிக்காளா?" என்று கேட்டாள். சோபிகா சிரிக்கவில்லை.

அம்பு போன மறுநாள் காலையில் அது கறிக்கடையில் தென்பட்டது. திரையில் சுண்டுவிரல் நகம் அளவு இருந்தது வெளிக்காற்றுப் பட்டதும் ஒரு முழ நீளத்துக்கு வளர்ந்திருந்தது. வெள்ளை உடம்பு, கறுப்பு ஓரம், எப்போதும் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்த தலை. தொங்கிக்கொண்டிருந்த ஒரு ஆட்டுத் தொடையைக் காட்டிக்கொண்டு அது அந்தரத்தில் நின்றது. கடைக்காரர் அதைக் கையால் விலக்கப் பார்த்தார். கை அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. வாங்க வந்த ஒருத்தி, "அது காட்டுத துண்டையே போடுங்க" என்றாள். அடுத்தவளுக்கும் அதுவே வேண்டும் என்றாகி, அந்தத் தொடைக்காகக் கறிக்கடையில் ஒரு சண்டை நடந்து முடிவதற்குள் அம்பு கிளம்பிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அது ஊரெங்கும் திரிந்தது. ஒரு இடத்தில் நிற்காது. தபாலாபீஸ் பெட்டியைக் காட்டும், அதைவிட்டுக் குடிதண்ணீர்க் குழாயைக் காட்டும், குழாயை விட்டு மாதா கோயில் மணியைக் காட்டும், அங்கிருந்து அம்மன் கோயில் சூலத்துக்கு வரும், சூலத்திலிருந்து இறங்கித் தெருவில் படுத்திருக்கும் நாயின் வாலைக் காட்டும், நாய் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்தால் பின்னாலேயே போகும். அம்மன் கோயில்காரர்கள் அதை அம்மன் விட்ட அம்பு என்றார்கள். மாதா கோயில்காரர்கள் அது மணியைத்தான் முதலில் காட்டியது என்றார்கள். காற்றாலைக் கம்பெனி என்ஜினியர்கள் அது தங்கள் எல்லைக்குள் வராத வரைக்கும் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "ஆளைக் குத்துதா? குத்தல. வழியை மறிக்கா? மறிக்கல. பின்ன நான் என்னத்தைச் செய்ய?" என்று சொல்லிவிட்டுப் போனார். பஞ்சாயத்துத் தலைவி செண்பகக்கனி மட்டும், வெளியூர்க்காரர்கள் பார்க்க வருவார்கள், ஊர் ரோட்டைச் சரிசெய்ய இதுதான் சமயம் என்று மனு மேல் மனுவாகப் போட்டு, கடைசியில் ரோட்டைப் போட வைத்தாள். அம்பினால் ஊருக்கு நிச்சயமாகக் கிடைத்த நன்மை அந்த ரோடு ஒன்றுதான்.

பிறகுதான் ஐயம்பெருமாள் விஷயம் நடந்தது. எடைமேடை வைத்திருந்த ஐயம்பெருமாள் வருஷக்கணக்காகப் பெண்டாட்டியிடம் பேசாதவர். சண்டை ஒன்றும் இல்லை. பேச்சு ஒருநாள் நின்றது, பிறகு தொடங்கவில்லை, அவ்வளவுதான். தலையாட்டுவார், கையைக் காட்டுவார். ஒரு மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அம்பு ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர் தோளைக் காட்டி நின்றது. அவர் மனைவி கோமுவுக்குக் கல்லூரியில் படிக்கும் தங்கை மகள் சொன்னது நினைவுக்கு வந்தது. அம்பு எதன்மேல் நிற்கிறதோ அதை ரெண்டு தட்டுத் தட்டினால் திறந்துகொள்ளும். கோமு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, புருஷனின் தோளில் டக்டக்கென்று இரண்டு முறை தட்டினாள். ஐயம்பெருமாள் வாயைத் திறந்தார். திறந்தவர் விளக்கேற்றுகிற நேரம் வரைக்கும் மூடவில்லை. சின்ன வயதில் கிணற்றில் விழுந்தது, தகப்பனார் செத்த அன்று தனக்கு அழுகை வராதது, லாரிக்காரர்கள் சொல்லும் பொய்கள், கோமு வைக்கும் முருங்கைக்காய்ச் சாம்பார் கல்யாணமான நாளிலிருந்தே பிடிக்காதது, எல்லாவற்றையும் சொன்னார். கோமு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெருவில் இரண்டு விதமாகவும் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஊர் தட்ட ஆரம்பித்தது. அம்பு எங்கே போனாலும் பின்னால் ஒரு கூட்டம் போனது. அது பூட்டிக் கிடந்த வீட்டைக் காட்டினால் கதவை ரெண்டு தட்டுத் தட்டினார்கள். பனைமரத்தைக் காட்டினால் பனைமரத்தை. தாலுகா ஆபீஸ் கிளார்க்கைக் காட்டினால் அவருடைய வழுக்கைத் தலையை. பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் என்றைக்கோ ஒருநாள் ஏதாவது நடந்தால், நடக்காத எல்லா நாளையும் மறந்துவிட்டு அதை மட்டும் ஊர் பேசியது. டீக்கடை பெஞ்சில் ஒருவன்மேல் அம்பு ஒரு பகல் முழுக்க அசையாமல் நின்றது. அவனைத் தட்டுவதற்கு முன்னாலேயே அவன் எழுந்து போய் மறுநாள் ஊரைக் காலிசெய்துவிட்டான். அவன் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவர்கள் சிலர் இருந்தார்கள்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாளன்று, கல்யாண மண்டபத்துக்குள் வந்த அம்பு, மாப்பிள்ளை கையில் தாலியை எடுத்த நேரம் பார்த்து, மணமேடைக்கு மேலே ஒரு நீல வட்டமாக மாறிச் சுற்ற ஆரம்பித்தது. நாதஸ்வரக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்தார். எல்லாரும் ஜெபசிங்கைத் தேடினார்கள். அவன் பந்தியில் இருந்தான். எச்சில் கையோடு கூட்டி வந்தார்கள்.

"என்ன தம்பி செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். வட்டம் சுத்துனா காத்திருக்கணும்."

"எம்புட்டு நேரம்?"

"அது அதுக்குத்தான் தெரியும்."

ஆகவே காத்திருந்தார்கள். மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி, பெண் தலை குனிந்தபடி, ஐயர் உச்சிவேளை நல்ல நேரம் போகிறதே என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தபடி. குனிந்திருந்த பெண் கழுத்து வலித்து நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தனக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டம்தான் என்று சத்தமாகவே சொன்னாள். அதுவரை யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. வட்டம் அம்பானது, தாலி ஏறியது. அதன் பிறகு காத்தாங்குளத்தில் கல்யாணப் பேச்சு எடுத்தால், பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது, வட்டம் சுற்றினால் மானம் போகும் என்று பயந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் ஆறுமுகநயினாருக்குத்தான் தலை நிமிர முடியவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவனெல்லாம் "உம்ம வீட்டு அம்புதானவே, நேத்து எங்க மாட்டைக் காட்டிட்டு நின்னுச்சு" என்றான். "என் பொண்டாட்டி வாங்கி விட்டதா? காலேஜ் அம்பு அது" என்று அவர் சீறுவார். வீட்டுக்கு வந்து, "உனக்கு இந்தப் படிப்பு தேவைதானா? சும்மா கெடந்த ஊரு" என்பார். சுடலைவடிவு சோற்றைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவாள்.

அவளுக்கு வேறு கவலை இருந்தது. கார்த்திகையில் செய்முறைப் பரீட்சை. அம்பு இல்லாமல் கம்ப்யூட்டரை எப்படித் தொடுவது? முதல் சில வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை சும்மா இருக்க முடியாமல் அரித்தது. பிறகு ஒருநாள் ஜெபசிங் தயங்கித் தயங்கி வந்து, "மவுஸ் வராத காலத்துலயும் ஆளுங்க கம்ப்யூட்டர் பாத்திருக்காங்கக்கா. கீபோர்டை வச்சே எல்லாத்துக்கும் போகலாம். எனக்கும் முழுசாத் தெரியாது, சேந்து தேடுவமா?" என்றான். டேப் கட்டையை ஒருமுறை அமுக்கினால் ஒரு இடம் தாண்டியது. இன்னொரு முறை அமுக்கினால் அடுத்தது. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எழுத்தை அமுக்கினால் மேலே இருந்த பட்டியல் இறங்கியது. அம்பு வைத்திருந்தவர்கள் நேராகப் போய்த் தொட்ட இடத்துக்கு அவள் ஒவ்வொரு வாசலாகத் தட்டித் தட்டிப் போனாள். போகிற வழியில் மற்றவர்கள் பார்க்காமல் தாண்டிய அறைகளையெல்லாம் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது மடிமேல் விரல்கள் தாமாகத் தட்டிக்கொண்டிருக்கும். சமையலறையில் கடுகு டப்பா, மிளகாய் டப்பா, உப்பு டப்பா என்று விரலால் தட்டி நகர்ந்து கடைசி டப்பாவில் எண்டர் அடிப்பாள். வாழ்நாளில் முதல்முறையாக, உள்ளே இருந்த அந்த அரிப்புக்குப் போக ஒரு இடம் கிடைத்தது. கிடைத்ததும் அது குறையவில்லை, அதிகமாகியது.

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், காற்று கடைசியாகச் சுழன்று அடித்த நாட்களில், அம்பு டயர் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு வந்தது. வந்து சோபிகாவின் நெஞ்சைக் காட்டி நின்றது.

நின்றது போகவில்லை. அவள் பல் தேய்த்தால் கூடவே நின்றது. பஸ் ஏறினால் பஸ்ஸுக்குள் ஏறியது. வகுப்பில் முதல் பெஞ்சுக்கு மேலே, எல்லாருடைய கண்ணும் பட, சாய்ந்த தலையோடு அசையாமல் நின்றது. மூன்று மாதமாக எங்கேயும் தரிக்காத அம்பு இந்தப் பெண்ணிடம் மட்டும் ஏன் தரித்தது என்று ஊர் யோசிக்க ஆரம்பித்தது. யோசித்தால் என்ன தோன்றுமோ அதெல்லாம் தோன்றியது. யாரோ பையன் இருக்கான் என்றார்கள். டீக்கடை பெஞ்சில் இருந்த அந்த ஆள் மாதிரி ஏதோ செய்திருக்காள் என்றார்கள். சோபிகா ஒல்லியானாள். துப்பட்டாவை நெஞ்சுக்குக் குறுக்காக இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சுடலைவடிவு அவளுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நடந்தாள்.

ஆறுமுகநயினார் கல்லூரிக்கே போய், "அந்தச் சவத்தை மொத்தமா அணைங்க" என்றார். கல்லூரி முழுக்க மெயினை இறக்கினார்கள். ஃபேன் நின்றது, லைட் நின்றது, பிரின்சிபால் அறையில் ஏசி நின்றது. அம்பு நின்ற இடத்தில் நின்றது.

ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் தாயும் மகளும் இறங்கியபோது கூட்டம் காத்துக்கொண்டிருந்தது. கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் இல்லை. கோமுகூட அதில் இருந்தாள். "ஒண்ணும் ஆவாது பிள்ளை. பைய ரெண்டு தட்டு. உள்ள இருக்கது வெளிய வந்துட்டா உனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி" என்றாள். பின்னாலிருந்து கைகள் நீண்டன. சுடலைவடிவு ஒரு கையைத் தட்டிவிட்டாள், இன்னொன்றைத் தட்டிவிட்டாள். "என் பிள்ளைமேல கை வச்சியன்னா கையை முறிச்சிருவேன்" என்று கத்தினாள். ஆனால் கைகள் நிறைய இருந்தன.

"யாரும் தட்டாண்டாம்!" என்றாள் சோபிகா.

அவள் குரல் அத்தனை பெரியது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ஒரு டவுன் பஸ் கிளம்பப் போனது நின்றது.

"நானே சொல்லுதேன். என்னைத் தொறக்க யாரும் வராண்டாம். எனக்குக் கப்பல்ல போணும். அவ்வளவுதான். பையனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எடம் கெடச்சுது, விடல. இது எங்கம்மா. பக்கத்து வீட்டு அக்கா இல்ல. நான் போயிட்டா இவ காலேஜுக்கு வர முடியாது. இவ படிக்கணும்னுதான் நான் இங்க உக்காந்து பிடிக்காததைப் படிச்சிக்கிட்டு இருக்கேன். ஆசையா படிக்கா. பாத்தா தெரியும். அவளைப் பாக்கும்போதெல்லாம் எனக்குக் கோவமா வருது. கோவப்படவும் முடியல. போதுமா?"

கூட்டத்தில் யாரோ "ச்சே, இவ்வளவுதானா" என்றது தெளிவாகக் கேட்டது.

அம்பு சோபிகாவை விட்டு விலகியது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ரைஸ் மில்லைத் தாண்டி, குளத்தங்கரைக்குப் போய், தண்ணீரில் கழுத்து வரை முங்கிக் கிடந்த ஒரு எருமையின் கொம்பைக் காட்டி நின்றது. கூட்டம் ஒரு நிமிடம் தயங்கியது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எருமையைத் தட்டக் குளத்தை நோக்கிப் போனது. பஸ் ஸ்டாண்டில் தாயும் மகளும் மட்டும் நின்றார்கள்.

"கோவத்தைப் பட்டிருக்கலாம்லா" என்றாள் சுடலைவடிவு.

"பட்டா நீ காலேஜுக்கு வந்திருக்க மாட்ட."

"அது சரிதான்" என்றாள் தாய். மகளின் பையையும் தன் பையையும் சேர்த்து ஒரே தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். சோபிகா தன் பையைப் பிடுங்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தாள்.

வீட்டில் ஆறுமுகநயினாருக்கு அவர்களுக்கு முன்பே செய்தி வந்திருந்தது. அவர் முற்றத்தில் ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்திருந்தார். சுடலைவடிவு கதவு நிலையைப் பிடிக்கவில்லை. அவருக்கு எதிரே போய் நின்றாள்.

"அடுத்த வருஷம் அவ மறுபடி எழுதட்டும். கெடச்சா போவட்டும்."

"பொம்பளப் பிள்ளை, கடல்ல..."

"கடல்லதான். ரோட்டுல லாரி ஓடலியா? தெனமும் பாக்குதீங்க. அடிபட்ட வண்டியில எத்தனை டயரைக் கழட்டி மாட்டுதீங்க. அதுக்காக லாரியை நிறுத்திட்டாவளா?"

அவர் வேறு இடத்தைப் பிடித்தார். "அவ போயிட்டா நீ யாருக்குத் துணை? உன் படிப்பும் அன்னையோட முடிஞ்சுது, தெரியுமா?"

"தெரியும். இவ இங்கன இருந்தா நானும் கூடப் படிக்கலாம்னுதான் போன தடவ இவளுக்காக வாயைத் தொறக்கல" என்றாள் சுடலைவடிவு. "அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? அவளும் போவா, நானும் போவேன். அவ கடலுக்கு. நான் காலேஜுக்கு. யாருக்கும் துணைக்கு இல்ல. எனக்கே போணும்."

ஆறுமுகநயினார் சரி என்று சொல்லவில்லை. எழுந்து கடைக்குப் போய், கழற்ற வேண்டிய அவசியமே இல்லாத ஒரு டயரைக் கழற்றினார். சுத்தியல் சத்தம் இருட்டுகிற வரைக்கும் கேட்டது. சாப்பிட வந்தபோது, சட்டினியைத் தொட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "கப்பல்ல குளிருமாமே" என்றார்.

கார்த்திகையில் பரீட்சை நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பரீட்சைக்காரர், தங்க பிரேம் கண்ணாடி போட்ட அம்மாள், ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டு வந்து சுடலைவடிவின் பின்னால் நின்றார்.

"உங்க கர்சர் எங்கே?"

"ஊருக்குள்ள போயிருக்கு மேடம். இப்போ எங்கன நிக்குதுன்னு தெரியல."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். ஜெபசிங் வாய் திறப்பதற்குள் சுடலைவடிவின் விரல்கள் போக ஆரம்பித்திருந்தன. ஒரே கடிதத்தை ஊர்க்காரர்கள் பலருடைய பெயருக்கும் தனித்தனியாக மாற்றி அச்சிட வேண்டும் என்பது கேள்வி. டேப், டேப், ஆல்ட், கீழம்பு, எண்டர். நடுவில் ஒருமுறை தப்பான அறைக்குள் போய் மாட்டிக்கொண்டாள், நெற்றியில் வேர்த்தது, எஸ்கேப் அடித்து வெளியே வந்து வேறு வழியாகப் போனாள். மற்றவர்களுக்குப் பிறகுதான் முடித்தாள். பிரிண்டரிலிருந்து தாள் சூடாக வந்தது. அந்த அம்மாள் வாங்கிப் படித்துவிட்டு, "இவ்வளவு சுத்தி ஏன் வந்தீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு அந்த வழிதான் மேடம் இருந்துச்சு."

பாஸ் ஆனாள். சோபிகா அவளைவிட அதிக மார்க் வாங்கினாள், அதைப் பற்றி அக்கறைப்படாமல். தை கழிந்ததும், எல்லாரும் போன பிறகு லேபில் தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கப்பல் படிப்புக்கு விண்ணப்பம் போட்டார்கள். "நான் மவுஸ்ல டக்குனு போட்டுருவேன், தள்ளு" என்றாள் மகள். "இரு" என்றாள் தாய். ஒவ்வொரு கட்டமாகத் தட்டிக்கொண்டு போனாள். கடைசிக் கட்டத்தில் அவள் விரல் எண்டருக்கு மேலே நின்றது. சோபிகா அந்த விரலின்மேல் தன் விரலை வைத்து அமுக்கினாள்.

மறுபடி இடம் கிடைத்தது. ஆனி மாதத்தில் ஆறுமுகநயினார் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் மகளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றினார். பஸ்ஸின் ஆறு டயரையும் சுற்றி வந்து எட்டி உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் டிரைவரைக் கிளம்பவிட்டார். சோபிகா ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு அழாமல் போனாள். பஸ் திருப்பத்தில் மறையும் வரை சுடலைவடிவு அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை வாய்க்குள் படித்துக்கொண்டு நின்றாள். அம்பு அப்போது எங்கே இருந்தது என்று அவள் கவனிக்கவில்லை. ஊரும் முன்போல அதன் பின்னால் போவதை விட்டிருந்தது. மேலே போனால் நிமிர்ந்து பார்ப்பார்கள், மழை வருமா என்று பார்ப்பதுபோல, பிறகு வேலையைப் பார்ப்பார்கள்.

இரண்டாம் வருடம் கல்லூரி திறந்த அன்று காற்று பலமாக அடித்தது. சுடலைவடிவு சேலையை இழுத்துச் செருகி, தலைமுடியை இறுக்கிக் கட்டி, பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஆறுமுகநயினார் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டி இருந்தது, ஏறிக்கொள் என்று சொல்லவில்லை; போகாதே என்றும் சொல்லவில்லை. "சாயங்காலம் நேரத்தோட வந்துரு" என்று மட்டும் சொன்னார். "ஸ்பெஷல் கிளாஸ் இருந்தா பிந்தும்" என்றாள் அவள்.

அவள் ரோட்டைத் தாண்டுவதற்குள் காலேஜ் பஸ் வந்துவிட்டது. ஆள் நிறைந்து வழிந்ததால் ஸ்டாப்பில் நிற்காமல் போனது. கைகாட்டினாள். பஸ் வேகத்தைக் குறைத்ததா இல்லையா என்று தெரியவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள், கோமு எடைமேடையிலிருந்து பார்த்தாள், ஆறுமுகநயினார் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த ரோட்டில் அவள் ஓடியதில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். செருப்பு ஒன்று கழன்றது. மற்றதையும் உதறி இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டாள். காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. தார் சுட்டது. பின்படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த முதல் வருடப் பிள்ளைகள் "ஏ, ஒரு ஆள் வாராவ, நிப்பாட்டுங்க!" என்று பஸ்ஸின் தகரத்தை அறைந்தார்கள். முப்பத்தொன்பது வயதில், மூச்சு மார்பை இடிக்க, பட்டப்பகலில், ஊர் பார்க்க, சுடலைவடிவு ஓடினாள். பஸ் நின்ற பிறகும் அவள் வேகத்தைக் குறைக்கவில்லை.